காப்புப் பிரதியும் அதன் சோதனையும்

ஓலையாயினும், தாளாயினும், மின்கருவியாயினும், ஒன்றே ஒன்றாக இருக்கும் பொருள் என்றேனும் ஒருநாள் அழியக்கூடியதே. 1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபொழுது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. அச்சான நூலை மீண்டும் வாங்கலாம். வேறு படியே இல்லாத சுவடியை எங்குச் சென்று வாங்குவது?

இன்று நம்முடைய சுவடிகள் பெரும்பாலும் கைப்பேசியில் இருக்கின்றன. ஹேவ்லாக் தீவை எடுத்துக்கொள்வோம். 2018இல் இதற்குச் சுவராஜ் தீவு என்று அரசு பெயர் சூட்டியது. ஆயினும் பழைய பெயரே பேச்சில் நிற்கிறது. பிழைப்புக்காக இங்கு வந்த தமிழரின் குடும்பச் செய்திகளெல்லாம் வாட்ஸ்அப்பில் வந்து சேர்கின்றன. ஊரில் இருக்கும் பாட்டியின் குரலும் அதில்தான் வருகிறது. கடலுயிரியல் பயிலும் என் போன்றோர் பவளப் பாறைகளைக் கண்டு எழுதும் குறிப்புகளையும் படங்களையும் குழுவிற்கு அனுப்பிவைப்பதும் அதில்தான். 2010ஆம் ஆண்டுக் கோடையில் கடல்நீர் சூடேறி அந்தமான் பவளங்கள் வெளிறின. அன்று எடுத்த குறிப்பை இன்று மறுபடி எடுக்க இயலாது. பாட்டியின் குரலும் அத்தகையதே.

இவற்றைக் காக்கவே வாட்ஸ்அப் தானாகக் காப்புப் பிரதி எடுக்கிறது. ஆண்ட்ராய்டு கைப்பேசியில் இஃது இருவகைப்படும். முதலாவது, நாள்தோறும் அதிகாலை 2 மணியளவில் கைப்பேசிக்குள்ளேயே எழுதப்படும் படி. இரண்டாவது, நாம் குறிக்கும் கால அளவில் கூகுள் கணக்கிற்குச் செல்லும் படி. முதற்படி கைப்பேசியிலேயே இருப்பதால், படகேறும்போது கைப்பேசி கடலில் விழுந்தால் அதுவும் உடன் மூழ்கும். எனவே உண்மையான காப்பு இரண்டாவதே.

அந்த இரண்டாவது படி நின்றுபோகும் வழிகள் பல. வைஃபை இணைப்பு இருந்தால் மட்டும் அனுப்புக என்பதே அதன் தொடக்க ஏற்பாடு. 2020 ஆகஸ்ட் 10ஆம் நாள் தொடங்கிவைக்கப்பட்ட, ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள கடலடிக் கம்பிவடம் சென்னையைப் போர்ட் பிளேருடனும் ஹேவ்லாக் முதலிய தீவுகளுடனும் இணைத்தது. ஆயினும் வீட்டில் வைஃபை இல்லாமல் சிம் கார்டு இணைப்பையே நம்பியிருப்பவரின் கைப்பேசி, அந்த ஏற்பாட்டை மாற்றாதவரை, ஒரு படியையும் கடல் கடந்து அனுப்பாது. அடுத்து, கூகுள் இலவசமாகத் தரும் 15 ஜிபி இடத்தை அஞ்சலும் படங்களும் நிரப்பிவிட்டால் காப்பு நின்றுவிடும். மேலும், நாம் தெரிவு செய்தாலன்றிக் காணொளிகள் அதில் சேர்வதில்லை. தானாக இயங்குவது தானாகவே நின்றும் போகும். அதனைப் பலர் கவனிப்பதில்லை.

பெரிய நிறுவனங்களுக்கும் இதே கதிதான். மென்பொருள் எழுதுவோர் தம் பணியைச் சேமித்து வைக்கும் கிட்லேப் என்னும் நிறுவனத்தில், 2017 ஜனவரி 31ஆம் நாள் ஊழியர் ஒருவர் தவறுதலாகத் தரவுத்தளத்தை அழித்துவிட்டார். காப்புக்கென ஐந்து வழிகள் இருந்தும் ஒன்றும் உரியபடி பயன்படவில்லை. அவற்றுள் ஒன்று பல நாள் தோற்றுக்கொண்டிருந்தது; தோல்வியை அறிவிக்க வேண்டிய மின்னஞ்சல்களும் வந்து சேரவில்லை. ஓர் ஊழியர் வேறொரு காரியத்திற்காக ஆறு மணி நேரம் முன்பு எடுத்திருந்த படியே கைகொடுத்தது. ஆகவே, எச்சரிக்கை வரவில்லை என்பதால் எல்லாம் நலம் என்று கொள்ளலாகாது.

இதற்கு மாறான செய்தியும் உண்டு. 2011 பிப்ரவரி இறுதியில் மென்பொருட் பிழை ஒன்றால் ஜிமெயில் பயனர்களில் 0.02 விழுக்காட்டினரின் அஞ்சல்கள் மறைந்தன. பல நிலையங்களில் இருந்த படிகளையும் அப்பிழை தாக்கியது. இணைப்பிலிருந்து விலக்கிக் காந்த நாடாவில் பதித்து வைத்திருந்த படியிலிருந்தே கூகுள் அவற்றை மீட்டது. மூன்று படிகள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒன்றேனும் வேறிடத்தில் என்று துறையினர் கூறும் விதியின் பொருள் இதுவே.

இனி நாம் செய்யவேண்டுவது யாது? வாரம் ஒருமுறை வாட்ஸ்அப் அமைப்புகளில் கடைசிக் காப்பின் நாளையும் அளவையும் பாருங்கள். நாள் பழையதாயினும், அளவு திடீரெனக் குறைந்திருப்பினும் காரணம் தேடுங்கள். மாதம் ஒருமுறை முக்கியமான உரையாடல்களை ஏற்றுமதி செய்து பென் டிரைவில் இட்டு, வேறொரு கணினியில் திறந்து படியுங்கள். ஏதேனும் ஒரு நாளின் செய்திகளை எண்ணி மூலத்தோடு ஒப்பிடுங்கள். சுவடிகளைத் தேடித் திரட்டி, ஒன்றோடொன்று ஒப்பிட்டு, 1887இல் சீவக சிந்தாமணியை அச்சேற்றிய உ.வே. சாமிநாதையர் செய்ததும் இத்தகைய ஒப்பீடே.

அரையாண்டுக்கு ஒருமுறை வேறொரு கைப்பேசியில் காப்பை மீட்டுப் பாருங்கள். அதே தொலைபேசி எண்ணும் அதே கூகுள் கணக்கும் அதற்கு வேண்டும். புதிய கைப்பேசியில் எண்ணைப் பதிந்ததும் பழையதில் வாட்ஸ்அப் வெளியேறிவிடும். எனவே தொடங்குமுன் புதிதாக ஒரு காப்பு எடுத்துக்கொள்க. 2021 முதல் காப்பைப் பூட்டி வைக்கும் வசதியும் உண்டு. அதனைக் கடவுச்சொல்லாலோ 64 இலக்கத் திறவுகோலாலோ பூட்டினால், அதனைத் தாளில் எழுதிப் பத்திரப்படுத்துக. அதைத் தொலைத்தால் நிறுவனத்தாரும் திறந்து தர இயலாது.

விதை நெல்லைப் பத்தாயத்தில் இட்ட உழவர் அத்துடன் நிற்பதில்லை; ஒரு பிடி எடுத்து முளைக்கிறதா என்று பார்த்த பின்னரே வயலில் விதைக்கிறார். மீட்டுப் பார்க்காத காப்பு முளைப்புப் பார்க்காத விதை போன்றது. இந்த வாரமே ஒருமுறை பார்த்துவிடுங்கள், தோழர்களே.