கரையின் எல்லையும் விரதத்தின் எல்லையும்

(சிராவக ஒழுக்கப் பாடம்)

பாட நோக்கம்: குணவிரதங்களுள் திக்விரதம், அநர்த்ததண்ட விரதம் ஆகிய இரண்டையும் இக்கால வாழ்க்கையோடு பொருத்திக் காணல்.

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பகுதிகளில் குடியேறி வாழும் நம் குடும்பங்களில், தந்தையர் பலர் தொழிற்சாலைகளில் உழைத்தனர். பிள்ளைகள் கணினி நிறுவனங்களில் பணிபுரிகின்றனர். அத்தகைய பிள்ளை ஒருவர் அலுவலக நண்பர்களோடு சென்னைத் துறைமுகத்திலிருந்து உல்லாசக் கப்பலில் செல்லவிருக்கிறார். கப்பலில் 'போக்கர்' என்னும் சீட்டுப் போட்டியில் சேருமாறு நண்பர்கள் அழைக்கின்றனர். 'சேரலாமா?' என்று அவருடைய தாயார் நம்மிடம் வினவினார். மகன் கூறும் காரணங்கள் மூன்று. முதலாவது, அது திறமை விளையாட்டு, சூது அன்று. இரண்டாவது, கட்டணம் சிறிது, பொழுதுபோக்கே நோக்கம். மூன்றாவது, கப்பல் நடுக்கடலில் செல்லும். அங்கே மாநிலச் சட்டம் எட்டாது. இம்மூன்றையும் முறையாக ஆராய்வோம்.

கப்பலில் ஏன்?

சூதாட்டம் நீரின்மேல் ஏறியது தற்செயலாக நிகழ்ந்ததன்று. கோவா மாநிலத்தில் 1976ஆம் ஆண்டின் பொதுச் சூதாட்டச் சட்டம் 1992இல் திருத்தப்பட்டு, ஐந்து நட்சத்திர விடுதிகளில் இயந்திர ஆட்டங்களுக்கு வழி திறந்தது. 1996ஆம் ஆண்டுத் திருத்தம் மேசைச் சீட்டாட்டங்களைக் கப்பல்களில் நடத்த இடமளித்தது. அதனாலேயே பனாஜி நகரை ஒட்டிய மாண்டவி ஆற்றில் சூதாட்டக் கப்பல்கள் நிற்கின்றன. 'டெல்டின் ராயல்' போன்ற கப்பல்களில் போக்கர் போட்டிகள் நடைபெற்று வந்துள்ளன. நிலத்தில் குற்றமாவது நீரில் குற்றமாகாது என்னும் விந்தையை அங்கே காண்கிறோம்.

நம் சென்னையிலும் இவ்வினா எழுந்தது. 2022 ஜூன் 4ஆம் நாள் முதலமைச்சர் திரு. மு.க. ஸ்டாலின் அவர்கள் 'கோர்டெலியா' நிறுவனத்தின் 'எம்பிரஸ்' கப்பலின் பயணத்தைத் தொடங்கி வைத்தார். அக்கப்பல் புதுச்சேரிக்கும் செல்வதாக இருந்தது. கப்பலில் சூதாட்டக் கூடம் உள்ளது என்று அங்கே எதிர்ப்பு எழுந்தது. அம்மாதமே புதுச்சேரி அரசு அனுமதி மறுத்தது.

கரையிலிருந்து 12 கடல் மைல், அதாவது ஏறத்தாழ 22 கிலோமீட்டர் வரையில் உள்ள நீர்ப்பரப்பு நாட்டின் ஆட்சிக் கடலாகும். அதனைக் கடந்துவிட்டால் தடை இல்லை என்பதே இளைஞரின் மூன்றாம் வாதம். இதற்குரிய விடையை இறுதியில் காண்போம்.

திறமை என்னும் வாதம்

போக்கரின் பரவலான வகையில் ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டுகள் மறைவாக வழங்கப்படும். ஐந்து சீட்டுகள் பொதுவாக விரிக்கப்படும். சீட்டுகளின் உயர்வால் வெல்லலாம். அல்லது, தம்மிடம் உயர்ந்த சீட்டு இருப்பதாகக் காட்டிப் பந்தயத்தை உயர்த்தி, மற்றவரை அஞ்சி விலகச் செய்தும் வெல்லலாம். இதில் கணக்கும் நினைவாற்றலும் மனமறியும் கூர்மையும் வேண்டும் என்பது உண்மையே. சென்னை உயர்நீதிமன்றமும் 2023 நவம்பர் 9ஆம் நாள் தீர்ப்பில், ரம்மியும் போக்கரும் திறமை விளையாட்டுகள் எனக் கொண்டு, தமிழ்நாட்டு இணையவழிச் சூதாட்டத் தடைச் சட்டத்தின் பட்டியலிலிருந்து அவ்விரண்டையும் நீக்கியது. பின்னர் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டமோ, இணையவழியில் பணம் வைத்து ஆடும் ஆட்டங்களைத் திறமை, தற்செயல் என்று பிரிக்காமலே தடை செய்தது.

ஆனால் சிராவகர் கேட்க வேண்டிய வினா வேறு. எளிய கணக்கொன்றைப் போட்டுப் பார்ப்போம். 100 பேர் ஆளுக்கு 1,100 ரூபாய் செலுத்துவதாகக் கொள்வோம். அதில் 100 ரூபாய் நடத்துவோருக்கு. 1,000 ரூபாய் பரிசுக்கு. மொத்தம் செலுத்தியது 1,10,000 ரூபாய். திரும்பி வருவது 1,00,000 ரூபாய். அதனை 15 பேர் பகிர்ந்துகொண்டால் 85 பேர் வெறுங்கையோடு எழுவர். அனைவரும் பெருந்திறமையாளர் ஆயினும் இக்கணக்கு மாறாது. உழவர் நெல் தருகிறார். நெசவாளர் துணி தருகிறார். வணிகர் பொருளைக் கொணர்ந்து தருகிறார். இங்கே வென்றவர் தோற்றவருக்கு எதைத் தந்தார்? திறமை என்பது யார் இழப்பது என்பதை மட்டுமே முடிவு செய்கிறது, இழப்பை நீக்குவதில்லை.

மேலும், தத்துவார்த்த சூத்திரத்தின் 9ஆம் அத்தியாயத்தில் உமாசுவாமிகள் ரௌத்திர தியானத்தை நான்காகப் பகுக்கிறார். அவற்றுள் ஒன்று பொய்யில் மகிழ்தல். 'ஆட்ட விதிக்கு உட்பட்ட பொய்தானே!' எனலாம். விதி உட்பட்டதாயினும், எதிரே அமர்ந்தவர் ஏமாந்தார் என்று உள்ளம் களிக்கும் கணத்தில் பாவத்தின் ஊற்று திறந்துவிடுகிறது. தோற்றவருக்கோ இழந்ததை எண்ணி ஏங்கும் ஆர்த்த தியானம். ஒரே மேசையில் இரு தீய தியானங்களும் அமர்ந்திருக்கின்றன.

சிறு தொகை என்னும் வாதம்

ஏழு விசனங்களை எண்ணும்போது நம் ஆசிரியர்கள் சூதினையே முதலில் வைத்தனர். திருக்குறளிலும் பொருட்பாலில் வரைவின் மகளிர், கள்ளுண்ணாமை, சூது என மூன்று அதிகாரங்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. புருஷார்த்த சித்தியுபாயம் இயற்றிய அமிர்தசந்திரர், அநர்த்ததண்டத்தின் ஐந்து வகைகளையும் கூறி முடித்து, அவற்றை அடுத்துச் சூதினை விலக்குமாறு பணிக்கிறார். பயனின்றி வினையை ஈட்டும் செயல்களின் வரிசையில் அது சேர்ந்துள்ளமை கருதத்தக்கது.

13ஆம் நூற்றாண்டினரான ஆசாதரர் தம் சாகார தருமாமிருதத்தில், சூதினை விட்டவர் மனமகிழ்ச்சிக்காகப் பந்தயம் கட்டுவதும் குற்றமே என்கிறார். தொகையின் சிறுமையை அவர் கணக்கில் கொள்ளவில்லை. விசனத்திற்குள் எவரும் பெருந்தொகையோடு நுழைவதில்லை. சிறுதொகையே அதன் வாயில்.

இதனால் விளையாட்டே கூடாது என்பதன்று. வினைப்பயனையும் ஆன்மாவின் ஏற்ற இறக்கத்தையும் கற்பிக்க, ஏணியும் பாம்பும் வரைந்த ஆட்டப் பலகைகளைச் சமணரும் பயன்படுத்தினர். பணயமின்றி மதியை வளர்க்கும் ஆட்டங்களைப் பிள்ளைகளோடு நாமும் ஆடலாம்.

நடுக்கடல் என்னும் வாதம்

இனி மூன்றாவது. இரத்தினகரண்டகத்தில் சமந்தபத்திரர், திக்விரதம் ஏற்பவர் கடல், ஆறு, காடு, மலை, நாடு, யோசனை ஆகியவற்றை எல்லையாகக் கொள்ளலாம் என்கிறார். அந்நூலின் வழியில் நடக்கும் நம் அருங்கலச்செப்பும் இவ்விரதங்களைத் தமிழில் போதிக்கிறது. எல்லைக்கு அப்பால் நுண்ணிய பாவமும் நிகழாமையால், அங்கே இல்லறத்தாரின் அணுவிரதமும் மகாவிரதத்தின் தன்மையை எய்தும் என்பது சமந்தபத்திரர் கருத்து.

இரு எல்லைகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள். சட்டத்தின் எல்லையைக் கடந்தால் கட்டுப்பாடு தளர்கிறது. விரதத்தின் எல்லைக்கு அப்பாலோ ஒழுக்கம் மேலும் இறுகுகிறது. சட்டம் இடத்தைக் காக்கிறது; விரதம் ஆளைக் காக்கிறது. காவலர் இல்லாத இடத்தில் செய்யலாம் என்று ஒருவர் எண்ணுவாராயின், அவர் கரையிலும் விரதத்தைக் காக்கவில்லை, காவலருக்கு அஞ்சியே இருந்தார் என்பது விளங்கும். வினை ஆன்மாவோடு வருவது. அதற்கு 12 கடல் மைல் என்னும் கணக்கில்லை.

தாய்மார்க்கு

அத்தாயாருக்கு நாம் கூறியது இது: பயணத்தைத் தடுக்க வேண்டா. நண்பர்களோடு சென்று கடலைக் கண்டு வரட்டும். பொழுது சாயுமுன் உண்ணட்டும். மேசைக்கு அழைத்தால், 'எங்கள் குடும்பத்தில் பணம் வைத்து ஆடுவதில்லை' என்று புன்னகையோடு கூறட்டும். ஆடும் நண்பர்களை இகழவும் வேண்டா. மகனிடம் சினம் கொள்ளாமல் மேற்கண்ட கணக்கைத் தாளில் எழுதிக் காட்டுங்கள். எந்தப் பிள்ளையேனும் முன்னரே இப்பழக்கத்தில் வீழ்ந்து கடன்பட்டிருப்பின், அதனை வீட்டில் அஞ்சாமல் சொல்லும் நிலை இருக்க வேண்டும். மறைத்த கடனே உயிரை வாங்குகிறது. சொல்லப்பட்ட கடனுக்கு வழி உண்டு. வழுவியவரை மீண்டும் நிலைநிறுத்தும் ஸ்திதிகரணம் நற்காட்சியின் எட்டு அங்கங்களுள் ஒன்றன்றோ!

பயிற்சி வினாக்கள் (குடும்பத்தாருடன் சேர்ந்து விடை காண்க)

1. வணிக ஊதியத்திற்கும் சூதின் ஊதியத்திற்கும் உள்ள வேறுபாடு யாது?
2. திக்விரதத்தின் எல்லைக்கும் சட்டத்தின் எல்லைக்கும் உள்ள வேறுபாட்டை விளக்குக.
3. எவரும் காணாத இடத்திலும் நாம் செய்யாதிருக்கும் செயல்கள் எவை? மூன்றினைக் கூறுக.

அறம் வளர்க! ஜினதருமம் வாழ்க!