பால் தீய்ந்தது தெரியவில்லையா?

கேள்வி: என் கணவருக்கு வயது 38. விசைத்தறியில் வேலை. ஏழு மாதத்துக்கு முன் ராத்திரி ஷிப்ட் முடிந்து வரும்போது ராஜபாளையம் ரோட்டில் பைக்கிலிருந்து விழுந்துவிட்டார். ஹெல்மெட் போடவில்லை. தலையில் ரத்தக்கட்டு என்று பத்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். கை கால் நன்றாக இருக்கிறது, ஆள்தான் மாறிவிட்டார். சத்தம் போட்டே பேசாதவர், இப்போது பிள்ளையை அடிக்கிறார். கூலியை வாங்கிய அன்றே தீர்த்துவிடுகிறார். பால் தீய்ந்து தெரு வரைக்கும் நாறுகிறது, அடுத்த அறையில் இருக்கிறவருக்குத் தெரியவில்லை. 'கிறுக்குப் பிடிச்சிருக்கு, கோமதி அம்மன் சன்னதிச் சக்கரத்தில் உட்கார வைப்போம்' என்கிறார் அத்தை. பழையபடி ஆவாரா டாக்டர்?
- வாசகி, சங்கரன்கோவில்

பதில்: உங்கள் கடிதத்தில் என் கண்ணில் முதலில் பட்டது அந்தப் பால்தான். ஜலதோஷம் இல்லாத நாளாகப் பார்த்து, ஒரு முழம் பிச்சிப்பூ வாங்கி, அவரைக் கண்ணை மூடச் சொல்லி மூக்கருகே பிடியுங்கள். என்ன பூ என்று சொல்லத் தெரியவில்லை என்றால், அடி எங்கே பட்டிருக்கிறது என்பதற்கு அது நல்ல துப்பு.

நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளை, கண்குழிக்கு மேலுள்ள கரடுமுரடான எலும்பின் மேல் உட்கார்ந்திருக்கிறது. தலை தரையில் மோதி நின்றாலும் உள்ளே மூளை உடனே நிற்காது. அந்த எலும்பில் உரசிக் கன்றிவிடும். மூக்கிலிருந்து மேலே ஏறும் வாசனை நரம்புகள் உங்கள் தறி நூலைவிட மெல்லியவை, அதே உரசலில் அறுந்துபோகும். கோபத்தை அடக்குவது, காசை எண்ணிச் செலவழிப்பது எல்லாம் முன்மூளையின் பொறுப்பு. கை காலை அசைக்கும் இடம் அதற்குப் பின்னால் இருப்பதால் தப்பியிருக்கிறது. பக்கவாதம், மூளைக்காய்ச்சல், மூச்சுத் திணறல் என்று எதனால் பழுதானாலும் கணக்கு இதுதான்: எந்த இடம் போனதோ அந்த வேலை தடுமாறும்.

1848-ல் அமெரிக்காவில் ரயில் பாதைக்குப் பாறை உடைத்த ஃபினியஸ் கேஜ் என்ற மேஸ்திரியின் தலையை இரும்புக் கம்பி துளைத்துக்கொண்டு போனது. பிழைத்தார். ஆனால் தெரிந்தவர்கள், இவர் அந்த ஆளே இல்லை என்றார்கள். அவரைப் பற்றிப் பலரும் சொல்லாமல் விடுவது பிற்பாடு நடந்ததை. சிலி நாட்டில் பல வருஷம் குதிரை வண்டி ஓட்டினார். தினமும் ஒரே ஒழுங்கில் செய்த அந்த வேலையே அவரைத் தேற்றியிருக்கும் என்று நினைக்கிற ஆராய்ச்சியாளர்கள் உண்டு. நானும் அந்தக் கட்சி.

ஆகவே எழுவது, சாப்பிடுவது, தூங்குவது எல்லாம் நேரப்படி நடக்கட்டும். கூலியை உங்கள் கையில் தரும்படி முதலாளியிடம் பேசுங்கள். கோபம் ஏறும்போது வாதாடாமல் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வெளியே போய்விடுங்கள். குடி ஒரு சொட்டும் கூடாது. சக்கரத்தில் தாராளமாக உட்கார வையுங்கள், அத்தையோடு சண்டை வேண்டாம். வலிப்பு மாத்திரை கொடுத்திருந்தால் மட்டும் ஒரு வேளைகூட நிறுத்தாதீர்கள்.

ஸ்கேன் படத்தோடு பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் நரம்பியல் டாக்டரைப் பாருங்கள், கோபத்துக்கும் மருந்து உண்டு. தலைவலி கூடினாலோ, வாந்தி, வலிப்பு, அசாதாரணத் தூக்கம் வந்தாலோ உடனே 108. தேறுவது முதல் ஆறு மாதம் வேகமாக இருக்கும், பிறகு ஓரிரு வருஷம் மெதுவாக நடக்கும். அப்படியே பழைய ஆளாவார் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன்.

இன்னொன்று, கேஸ் கசிந்தாலும் அவருக்குத் தெரியாது. ராத்திரி ரெகுலேட்டரை நீங்களே மூடிவிட்டுப் படுங்கள்.