பரீட்சை வேளையில் அம்மை கண்டால்
(குடும்பப் பாடம்)

மாசி, பங்குனி மாதங்கள் நம் கொல்லிமலைக் குடும்பங்களுக்கு இரண்டு கவலைகளைச் சேர்த்துக் கொண்டு வருகின்றன. ஒன்று, பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளின் அரசுப் பரீட்சை. மற்றொன்று, வெயில் ஏறும்போது ஊருக்குள் தலைகாட்டும் அம்மை. குளிர் நீங்கிச் சூடு பிறக்கும் இந்த மாதங்களே சின்னம்மை அதிகம் பரவும் காலம். ஆகையால் வருஷம் முழுவதும் விழித்திருந்து படித்த பிள்ளைக்குப் பரீட்சைக்கு மூன்று நாள் முன்பு காய்ச்சல் கண்டு, உடம்பில் நீர்க்கொப்புளங்கள் எழும்புவது அபூர்வமான காரியமல்ல.

அந்த வேளையில் பெற்றோர் மனதில் எழும் முதல் எண்ணம் என்ன? "யாருக்கும் சொல்ல வேண்டாம், முழுக்கைச் சட்டை போட்டு அனுப்பிவிடுவோம், பரீட்சை முடியட்டும்" என்பதே. இந்த எண்ணம் பிள்ளைமேல் உள்ள பாசத்தினால் பிறப்பது. எனினும் அது சரியானதா என்பதை இன்றைய பாடத்தில் ஆராய்வோம்.

1. வியாதியின் இயல்பு

அம்மை என்ற ஒரே பெயரால் நாம் பல வியாதிகளை அழைக்கிறோம். பெரியம்மை என்பது கண்டவர்களில் பத்துக்கு மூன்று பேர் வரை மாண்டுபோன கொடிய வியாதி. இந்தியாவில் அது 1975-ஆம் ஆண்டோடு நின்றது. 1980-இல் உலகம் முழுவதிலுமே ஒழிந்துவிட்டதென்று அறிவிக்கப்பட்டது. இப்போது நம் பிள்ளைகளுக்கு வருவது பெரும்பாலும் சின்னம்மை. தட்டம்மையும், பொன்னுக்கு வீங்கி என்னும் புட்டாளம்மையும் சில வேளைகளில் வரும். இவை ஒவ்வொன்றும் வெவ்வேறு வைரஸ் கிருமியால் உண்டாகின்றன. பாட்டனார் காலத்துப் பெரியம்மைப் பயம் பெயரோடு ஒட்டிக்கொண்டு நிற்பதால்தான், சின்னம்மையையும் வெளியில் சொல்லக் கூசுகிறோம்.

சின்னம்மைக் கிருமி மூச்சுக் காற்றாலும், கொப்புளத்து நீராலும் பரவுகிறது. அது உடம்பில் புகுந்து 10 முதல் 21 நாட்களுக்குள் வியாதி வெளிப்படும். கொப்புளம் தோன்றுவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பிருந்தே பிறருக்குத் தொற்றத் தொடங்கி, எல்லாக் கொப்புளங்களும் காய்ந்து பொருக்குத் தட்டும் வரை தொற்றும். இதற்குச் சாதாரணமாக 5 முதல் 7 நாட்கள் ஆகும். ஒரு வீட்டில் ஒருவருக்கு வந்தால், முன்பு அது வராதவர்களும் தடுப்பூசி போடாதவர்களுமான மற்றவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் வரை அதற்கு ஆளாகலாம்.

இந்தக் கணக்கைப் பெற்றோர் மனதில் வைத்திருப்பது நல்லது. தம்பிக்கு மார்ச் மாதம் முதல் தேதி அம்மை கண்டால், பரீட்சை எழுதும் அக்காளுக்கு அது ஏறக்குறைய 10-ஆம் தேதிக்கும் 22-ஆம் தேதிக்கும் இடையில் வரக்கூடும். பரீட்சைக்கு எட்டு நாள் முன்பே கொப்புளம் எழுந்தால், அனேகமாகப் பரீட்சை நாளுக்குள் பொருக்குத் தட்டிவிடும். முந்தின நாள் எழுந்தால்தான் சங்கடம்.

2. மறைப்பது தவறா?

ஒரு வீட்டை நினைத்துக் கொள்வோம். பிள்ளைக்கு அம்மை கண்டதை மறைத்துப் பரீட்சைக்கு அனுப்புகிறார்கள். அவன் காலையில் நெருக்கடியான பஸ்ஸில் ஏறுகிறான். பக்கத்தில் ஒரு கர்ப்பிணிப் பெண் அமர்ந்திருக்கிறாள். பரீட்சை அறையில் இருபது பிள்ளைகளோடு மூன்று மணி நேரம் உட்காருகிறான். அவர்களில் ஒருவன் விடுதி மாணவன். மாலையில் அவன் திரும்பிச் செல்வது, ஐம்பது பிள்ளைகள் ஒரே கூடத்தில் படுத்துறங்கும் இடத்திற்கு. இன்னொருத்தியின் வீட்டில் புற்றுநோய்க்கு மருந்து சாப்பிடும் தகப்பனார் இருக்கிறார்.

சிறு பிள்ளைகளுக்குச் சின்னம்மை பெரும்பாலும் லேசாகவே வந்து போகிறது. ஆனால் பெரியவர்களுக்கு அது நுரையீரலைத் தாக்கலாம். கர்ப்பிணிகளுக்கும், அப்போது பிறந்த சிசுக்களுக்கும், உடம்பில் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கும் அதனால் உயிருக்கே மோசம் வரலாம். மேலும், அந்த அறையிலிருந்த மற்றப் பிள்ளைகளுக்கும் பரீட்சை உண்டல்லவா? நம் பிள்ளையின் ஒரு நாளைக் காப்பாற்றப் போய், இன்னும் சிலருடைய கல்லூரி நுழைவுப் பரீட்சையை நாம் பறித்துவிடக்கூடும்.

தேவ கற்பனைகளில் ஐந்தாவது கற்பனை, பிறர் உயிருக்கு மட்டுமல்ல, பிறர் உடல்நலத்துக்கும் கேடு செய்யலாகாதென்று நம்மைக் கட்டுப்படுத்துகிறது. இதில் ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். கொப்புளம் எழும்புமுன், வியாதி இருப்பதே தெரியாமல் பள்ளிக்குச் சென்ற பிள்ளைமேல் குற்றமில்லை. அறிந்த பின்பு மறைப்பதே குற்றம். அதிலும் பயந்துபோன பிள்ளையைவிட, யோசித்துப் பார்த்து அனுப்பிவைக்கும் பெரியவர்களின் பொறுப்பே அதிகம்.

நம் நாட்டில் அம்மை கண்ட வீட்டு வாசலில் வேப்பிலை செருகும் வழக்கம் உண்டு. அதைச் சுற்றிப் பல நம்பிக்கைகள் இருந்தாலும், அதனால் விளைந்த நன்மை ஒன்றிருக்கிறது. அது ஊருக்கு ஓர் அறிவிப்பு: "இங்கே வியாதி இருக்கிறது, உள்ளே வராதீர்." எழுத்தறியாதவரும் அதைப் படித்து விலகிப் போனார்கள். மற்ற மாதங்களில் வாசலில் வேப்பிலை வைக்கும் வீடு, பங்குனியில் மட்டும் பரீட்சைக்காக அதை எடுத்து ஒளித்து வைப்பது நியாயமாகுமா?

3. பரீட்சைக்கு என்ன வழி?

மறைக்காமல் சொன்னால் பிள்ளையின் படிப்பு கெட்டுவிடுமோ என்று பெற்றோர் அஞ்சுகிறார்கள். ஆனால் சொல்வதனால்தான் வழி பிறக்கிறது.

முதல் வழி, தனி அறை. அம்மை கண்ட மாணவர்களைப் பரீட்சை மையத்திலேயே தனி அறையில் உட்காரவைத்து எழுதச் செய்வது நம் மாநிலத்தில் பல ஆண்டுகளாக நடந்துவரும் வழக்கமே. இதற்குத் தலைமையாசிரியருக்கு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். அப்போதுதான் மையத்தில் ஏற்பாடு செய்ய முடியும். பிள்ளைக்கு எழுதத் தெம்பு இருக்கிறதா என்பதை டாக்டர் சொல்ல வேண்டும். பிள்ளையைப் பஸ்ஸில் அனுப்பாமல், முன்பே அம்மை வந்து போன ஒருவர் தனி வண்டியில் அழைத்துப் போவது நலம்.

இரண்டாவது வழி, துணைப் பரீட்சை. காய்ச்சல் கடுமையாக இருந்து பிள்ளை எழுந்திருக்க முடியாவிட்டால், பிடிவாதமாக அனுப்ப வேண்டாம். பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சையில் தவறியவர்கள் மட்டுமல்ல, வராமற்போனவர்களும் முடிவுகள் வெளியானபின் அதே ஆண்டில் நடக்கும் துணைப் பரீட்சையை எழுதலாம். ஒரு பாடம் போயிற்றென்றால் ஒரு வருஷம் போயிற்றென்று பொருளல்ல.

எல்லாப் பரீட்சைகளுக்கும் இப்படி வழியுண்டு என்று சொல்வதற்கில்லை. மருத்துவப் படிப்புக்கான நுழைவுப் பரீட்சை வருஷத்துக்கு ஒரு முறைதான் நடக்கிறது. அதைத் தவறவிடுவது பெரிய நஷ்டமே. அந்த நஷ்டத்தைச் சிறிதென்று பேசிப் பிள்ளையின் மனதைப் புண்படுத்தலாகாது. ஆனால் நஷ்டம் பெரிதாயிருப்பதால் அதைப் பிறர்மேல் சுமத்த நமக்கு உரிமை உண்டாகிவிடாது.

2020-ஆம் ஆண்டை யாரும் மறந்திருக்க மாட்டோம். கொரோனா தொற்றினால் அவ்வாண்டு மார்ச் 27-ஆம் தேதி தொடங்க வேண்டிய பத்தாம் வகுப்புப் பரீட்சை தள்ளிவைக்கப்பட்டது. பிறகு ஜூன் 15 என்றார்கள். கடைசியில் ஜூன் 9-ஆம் தேதி அதை ரத்து செய்து, ஒன்பது லட்சத்துக்கும் அதிகமான பிள்ளைகளைத் தேர்ச்சி பெற்றவர்களாக அரசு அறிவித்தது. காலாண்டு, அரையாண்டுப் பரீட்சைகளைக் கொண்டு 80 சதவீதமும், வருகைப் பதிவைக் கொண்டு 20 சதவீதமுமாக மதிப்பெண் தரப்பட்டது. மார்ச் 24-ஆம் தேதி பன்னிரண்டாம் வகுப்பின் கடைசிப் பரீட்சைக்கு வர இயலாதவர்களுக்கு ஜூலை 27-ஆம் தேதி மறுபடியும் பரீட்சை வைக்கப்பட்டது. ஒரு மாநிலம் முழுவதுமே பரீட்சையைவிட உயிர் பெரிதென்று ஒத்துக்கொண்ட காலம் அது. அன்று எல்லாருக்காகவும் அரசு செய்த தீர்மானத்தை, ஒரு பிள்ளைக்கு அம்மை கண்ட நாளில் அந்தக் குடும்பம் தானே செய்ய வேண்டியிருக்கிறது. துணை நிற்பார் இல்லாததால் அது கடினமாகிறது.

கணித மேதை ராமானுஜன் 1906-இல் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்து, சில மாதங்களுக்குள் வியாதிப்பட்டு ஊர் திரும்பினார். மறு ஆண்டு தாமாகவே எழுதிய எஃப்.ஏ. பரீட்சையில், கணிதம் தவிர மற்றவற்றில் தவறினார். அவரே 1918-இல் லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். எல்லாரும் ராமானுஜன் ஆவதில்லை. ஆனால் தவறிய ஒரு பரீட்சை ஒருவரின் முடிவைத் தீர்மானிப்பதில்லை என்பது எல்லாருக்கும் பொருந்தும்.

4. வீட்டில் செய்யத் தக்கவை

அம்மை கண்ட அன்றே டாக்டரிடம் காட்டுங்கள். "அம்மைக்கு மருந்து கொடுக்கலாகாது" என்று நாட்களை ஓட்ட வேண்டாம். கிருமியை அடக்கும் அசிக்ளோவிர் என்ற மருந்து, கொப்புளம் எழும்பிய 24 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நன்றாகப் பயன் தரும். 12 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு வியாதி சற்றுக் கடுமையாவதால், அவர்களுக்கு அது தேவையா என்பதை டாக்டர் தீர்மானிப்பார். செம்மேட்டு மருத்துவமனைக்குப் போனால், வெளியிலேயே விஷயத்தைச் சொல்லிக் கூட்டத்தைவிட்டுத் தனியாகக் காத்திருங்கள்.

காய்ச்சலுக்கு டாக்டர் சொன்ன அளவில் பாராசிட்டமால் போதும். ஆஸ்பிரின் ஒருபோதும் கொடுக்கலாகாது. அம்மை கண்ட பிள்ளைகளுக்கு அது மூளையையும் கல்லீரலையும் கெடுக்கும். நகத்தை ஒட்ட வெட்டி விடுங்கள். சொறிந்தால் புண் சீழ்பிடித்துத் தழும்பாகும். உடம்பைச் சுத்தமான நீரால் கழுவுவதால் கெடுதலில்லை. பத்தியம் என்று பட்டினி போடாமல் கஞ்சி, இளநீர், பழம், பருப்பு, வழக்கமான உணவு எல்லாம் கொடுங்கள். மூச்சுத் திணறல், ஓயாத வாந்தி, கழுத்து விறைப்பு, மயங்கிய நிலை, நாலு நாளுக்கு மேலும் காய்ச்சல் ஆகியவற்றில் எது கண்டாலும் தாமதமின்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும்.

5. ஊராரின் கடமை

மறைப்பவர்மேல் மட்டும் குற்றம் சுமத்துவது நீதியல்ல. சொன்னவரை ஊர் ஒதுக்கினால், அடுத்தவர் மறைக்கத்தான் செய்வார். நம் மலையிலேயே இதற்கு ஒரு நல்ல உதாரணம் உண்டு. 1918, 1919-ஆம் ஆண்டுகளில் உலகமெங்கும் பரவிய விஷக்காய்ச்சல் கொல்லிமலைக்கும் ஏறியபோது, வாழவந்தியில் ஊழியம் செய்துவந்த ஜெஸ்ஸி பிராண்ட், ஈவ்லின் பிராண்ட் என்ற பிராட்டஸ்டண்டு தம்பதியர் படுத்துக்கிடந்தவர்களின் குடிசைகளுக்குக் கஞ்சி கொண்டு போனார்கள்.

மாணவர்களின் பாதுகாவலரான அர்ச். ஞானப்பிரகாசியாரும் இப்படிப்பட்டவரே. 1591-இல் ரோமாபுரியில் கொள்ளைநோய் பரவியபோது, குருத்துவப் படிப்பு முடியுமுன்னே நோயாளிகளுக்குப் பணிவிடை செய்து, அதனால் நோயுற்று, ஜூன் 21-ஆம் தேதி தம் 23-ஆம் வயதில் மரித்தார். படிப்பை முடிக்காத ஒருவரையே திருச்சபை மாணவர்களுக்குப் பாதுகாவலராகத் தந்திருப்பது சிந்திக்கத் தக்கது.

ஆகவே, பக்கத்து வீட்டில் அம்மை கண்டால், முன்பே அது வந்து போனவர்கள் கடைக்குப் போய் உதவுங்கள். உணவு சமைத்து வாசலில் வையுங்கள். கூடப் படிக்கும் பிள்ளைகள் பாடக் குறிப்புகளைத் தொலைபேசியில் படித்துக் காட்டலாம்.

6. முன்யோசனை

சின்னம்மைக்குத் தடுப்பூசி உண்டு. அரசின் இலவசப் பட்டியலில் அது இல்லாததால் தனியார் மருத்துவரிடம் பணம் கொடுத்தே போட வேண்டும். 13 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு, குறைந்தது நாலு வார இடைவெளியில் இரண்டு ஊசிகள். ஆகையால் பரீட்சை எழுதப் போகும் பிள்ளைக்கு இதுவரை அம்மை வராதிருந்தால், மார்கழிக்கு முன்பே டாக்டரிடம் கேளுங்கள். தட்டம்மைத் தடுப்பூசியை அரசே குழந்தைகளுக்கு இலவசமாகப் போடுகிறது, அதைத் தவறவிடாதீர்கள்.

வினா விடை

வினா: அம்மை கண்டவர் ஞாயிறு பூசைக்கு வராவிட்டால் பாவமா?
விடை: பாவமில்லை. நோயாளிக்கும், அவரைப் பராமரிக்க வீட்டில் தங்க வேண்டியவருக்கும் அந்தக் கடன் இல்லை. வீட்டிலிருந்தே செபிக்கட்டும்.

வினா: தபசு காலத்தில் அவர் ஒருசந்தி, சுத்தபோசனம் அனுசரிக்க வேண்டுமா?
விடை: வேண்டியதில்லை. வியாதிக்காரர் அதற்குக் கட்டுப்பட்டவரல்ல. 18 வயது நிறையாத பிள்ளைகளுக்கு ஒருசந்திக் கடனும் இல்லை.

வினா: அம்மை கண்டதை முதலில் யாருக்குச் சொல்ல வேண்டும்?
விடை: டாக்டருக்கும், தலைமையாசிரியருக்கும். விடுதிப் பிள்ளையானால் விடுதிக் காப்பாளருக்கும்.

வினா: படுத்திருக்கும் பிள்ளையைப் படிக்கச் சொல்லலாமா?
விடை: காய்ச்சல் தணியும் வரை வேண்டாம். தணிந்தபின், தானே விரும்பிக் கேட்டால் சிறிது நேரம் வாசித்துக் காட்டலாம்.

பெற்றோரே, பரீட்சை தொடங்குமுன் ஒரு நாள் மாலை செபம் முடிந்தபின் பிள்ளையை அருகில் அழைத்து, "உடம்புக்கு ஏதாவது வந்தால் பயப்படாமல் உடனே சொல், நாங்கள் கோபிக்க மாட்டோம்" என்று சொல்லி வையுங்கள். அந்த ஒரு வார்த்தை பிள்ளைக்குத் தைரியமும், பிறருக்குப் பாதுகாப்பும் ஆகும்.