ரேஷன் கார்டு போகாது, வீட்டு வரி ஏறாது

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு கடைசியாக நடந்தது 2011-ல். 2021-ல் நடந்திருக்க வேண்டியது கொரோனாவால் தள்ளிப்போனது. 2025 ஜூனில் வந்த அறிவிக்கை, 2027 மார்ச் 1-ஐக் கணக்கு நாளாக வைத்திருக்கிறது. முதலில் வீட்டுப்பட்டியல், பிறகு 2027 பிப்ரவரியில் தலைக்கணக்கு. 2011-க்குப் பிறகு எல்லார் கையிலும் வாட்ஸ்அப் வந்துவிட்டதால் வதந்திக்கும் பஞ்சமில்லை.

“உள்ளதைச் சொன்னால் ரேஷன் கார்டு போய்விடும்.”

அதிகம் காதில் விழும் பயம் இதுதான். 1948-ம் ஆண்டுக் கணக்கெடுப்புச் சட்டத்தின் 15-வது பிரிவைப் படித்தால் பாதி பயம் தெளிந்துவிடும். நீங்கள் சொன்ன தகவலை வேறு யாரும் வாங்கிப் பார்க்க முடியாது. சிவில் வழக்கில் சாட்சியமாக வைக்கவும் முடியாது. அனுமதியில்லாமல் வெளியே சொல்லும் கணக்கெடுப்பாளருக்கு மூன்று ஆண்டுவரை சிறை உண்டு. பதில் சொல்ல மறுப்பவருக்கோ ஆயிரம் ரூபாய்வரை அபராதம்தான்.

உண்மையில் ரேஷனுக்கு ஆபத்து வேறு பக்கத்திலிருந்து வருகிறது. தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் கிராமத்தில் 75 சதவீதம், நகரத்தில் 50 சதவீதம் பேர்வரை மானிய தானியம் தரச் சொல்கிறது. எத்தனை பேரில் 75 சதவீதம்? இன்றுவரை 2011 கணக்கில்தான். அப்படி வந்ததுதான் 81 கோடி என்ற உச்சவரம்பு. அதற்குப் பிறகு பிறந்தவர்கள் யாரும் அந்தக் கணக்கில் இல்லை. கதவைச் சாத்திக்கொள்பவர் ரேஷனைக் காப்பாற்றவில்லை; தன் ஊருக்கு வர வேண்டிய பங்கைத்தான் குறைக்கிறார்.

“மாடியில் குடியிருப்பவர்களைக் காட்டினால் வீட்டு வரி ஏறும்.”

வீட்டுச் சொந்தக்காரர்களின் பயம் இது. சொந்த வீடா வாடகையா என்று கேட்பார்கள். வாடகை எவ்வளவு என்று கேட்க மாட்டார்கள். சம்பளமும் கேட்பதில்லை. வீட்டுப்பட்டியலில் இருப்பவை கூரை ஓடா கான்கிரீட்டா, தண்ணீர் எங்கிருந்து வருகிறது, கழிப்பறை உண்டா, வீட்டில் முக்கியமாகச் சாப்பிடும் தானியம் எது என்பது போன்ற கேள்விகள்தான். வரி போடுவது உள்ளாட்சியின் வேலை, அதற்கு அவர்களிடம் தனிப் பதிவேடு இருக்கிறது.

“நாங்கள் வெளியூர், எங்களை ஊரில் எண்ணிக்கொள்வார்கள்.”

திருப்பூரில் ஓர் அறையில் ஆறு பேராகத் தங்கியிருக்கும் பனியன் கம்பெனித் தொழிலாளர்கள் திருப்பூரில்தான் எண்ணப்பட வேண்டும். அது பிகாரிலிருந்து வந்தவருக்கும் பொருந்தும், பெரம்பலூரிலிருந்து வந்தவருக்கும் பொருந்தும். விடுதி மாணவரை விடுதியில் எண்ணுவார்கள். ஊரில் அம்மா பாசத்தில் மகன் பெயரையும் சேர்த்துச் சொன்னால் ஒரே ஆள் இரண்டு இடத்தில் ஏறிவிடுவார். வீடே இல்லாதவர்களுக்கென்று ஓர் இரவு உண்டு. 2011-ல் பிப்ரவரி 28 இரவு நடைபாதையிலும் ரயில் நிலையத்திலும் போய் எண்ணினார்கள். குடியுரிமைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. முகாமில் வாழும் ஈழத் தமிழரும் இதில் ஒரு தலைதான்.

“கையில் எந்தக் காகிதமும் இல்லையே.”

தேவையில்லை, வாயால் சொன்னால் போதும். பிறந்த தேதி தெரியாத பாட்டியிடம், “தனுஷ்கோடி புயல் வந்தப்ப கல்யாணம் ஆயிடுச்சா ஆச்சி?” என்று கேட்டு 1964-ஐப் பிடித்து வயதைக் கணக்குப் போடுவது கணக்கெடுப்பாளர்களின் பழைய வழி. “அறுபது இருக்கும், எழுதிக்க” என்று முழு எண்ணில் சொல்வதும் நம் வழக்கம். அதனால்தான் வயதுப் பட்டியலில் 50, 60 போன்ற இடங்களில் கூட்டம் அதிகம். கொஞ்சம் யோசித்துச் சொல்வது நல்லது.

கணக்கெடுப்புச் சட்டத்தின் 8-வது பிரிவில் ஒரு சலுகை இருக்கிறது. வழக்கப்படி கணவன் பெயரைச் சொல்லக் கூடாதென்றிருக்கும் பெண், அதைச் சொல்லியே ஆக வேண்டிய கட்டாயமில்லை. வீட்டுப் பெண்களின் பெயரைச் சொல்லவும் யாரும் கட்டாயப்படுத்த முடியாது. சட்டம் எழுதியவர்கள் நம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து யோசித்திருப்பார்கள் போல.

எல்லாப் பயமும் வீண் என்று சொல்ல மாட்டேன். வாசலில் நிற்பவரிடம் அடையாள அட்டையைக் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் பக்கத்துப் பள்ளி ஆசிரியராகவே இருப்பார். வங்கிக் கணக்கு எண்ணையோ ஏடிஎம் பின்னையோ கேட்பவர் கணக்கெடுப்பாளர் அல்ல, அவரை அனுப்பிவிடலாம். இந்த முறை இணையத்தில் நாமே பதிவு செய்யவும் வழி உண்டு. அப்படிச் செய்தாலும் ஆள் வருவார். பதிவின்போது கிடைத்த எண்ணைக் காட்டினால் சரிபார்த்துக்கொண்டு போவார்.