கரண்ட் பாய்க்கு நாம் வைத்திருக்கும் பாக்கி

 

மஸ்ஜிதுந் நபவியைக் கூட்டிப் பெருக்கி வந்த ஒரு பெண்மணி மௌத்தானார். ஸஹாபாக்கள் அதைப் பெரிய விஷயமாகக் கருதாமல் நபி (ஸல்) அவர்களிடம் சொல்லாமலேயே அடக்கம் செய்துவிட்டார்கள். அவரைக் காணாமல் விசாரித்த நபியவர்கள், தமக்கு ஏன் தெரிவிக்கவில்லை என்று கேட்டார்கள். கப்ருக்கே சென்று தொழுதார்கள். இருள் நிறைந்த கப்ருகளைத் தமது தொழுகையின் பொருட்டால் அல்லாஹ் ஒளியாக்குகிறான் என்றும் கூறினார்கள். இது புகாரி, முஸ்லிம் கிரந்தங்களில் வரும் செய்தி.

இந்த வாரம் நாம் அடக்கம் செய்த சகோதரரை ஊரே ‘கரண்ட் பாய்’ என்றுதான் அழைத்தது. ரமளானில் ஸஹர் நேரத்தில் கரண்ட் போனாலும் டெஸ்டரோடு வந்து நிற்பார். அவருடைய வாழ்வில் நமக்கு மூன்று பாடங்கள் இருக்கின்றன.

முதலாவது, அமானிதம். லைட் எரிய இரண்டு வயர் போதும். மூன்றாவதான எர்த் வயரைப் போடாமல் சுவரைப் பூசிவிட்டால் வீட்டுக்காரருக்குத் தெரியாது. கிரைண்டரில் கசிவு ஏற்படும் நாளில், 230 வோல்ட் தொட்டவரைத் தாக்கும்போதுதான் தெரியும். எர்த் இல்லாமல் அவர் எந்த வீட்டையும் முடித்ததில்லை. மனிதன் பார்க்காத இடத்தில் ரப்பு பார்க்கிறான் என்ற ஈமான் அது. தாவூத் (அலை) அவர்களுக்கு இரும்பை மென்மையாக்கிய அல்லாஹ், கவசத்தின் வளையங்களைச் சரியான அளவில் செய்யும்படி கட்டளையிட்டதை ஸபா அத்தியாயம் கூறுகிறது. தொழில் சுத்தமும் இபாதத்தே!

இரண்டாவது, கல்வி. தொழிலை மறைக்காமல் இளைஞர்களுக்குக் கற்றுக் கொடுத்தார். மௌத்துக்குப் பிறகும் நன்மை சேர்க்கும் மூன்றில் பயனுள்ள கல்வியும் ஒன்று.

மூன்றாவது பாடம் நமக்கானது. ஏழை வீட்டிலும் விதவை வீட்டிலும் அவர் கூலி வாங்கவில்லை. அது அவர் செய்த தர்மம். ஆனால் வசதியுள்ள நம்மில் எத்தனை பேர் “அப்புறம் தருகிறேன் பாய்” என்று சொல்லி மறந்திருக்கிறோம்? அவர் கேட்கவில்லை என்பதால் கடன் தீர்ந்துவிடாது. ஷஹீதுக்கே கடன் மன்னிக்கப்படாது என்கிறது ஹதீஸ். யாஸீன் ஓதி அந்தக் கடனை அடைக்க முடியாது. அது இன்று அவருடைய வாரிசுகளின் சொத்து.

ஆகவே சகோதரர்களே, வீட்டுக்குப் போனதும் கணக்குப் பாருங்கள். தொகை சரியாக நினைவில்லையா? கூட்டியே கொடுங்கள். “உதவி” என்று சொல்லி அந்தப் பிள்ளைகளின் தலையைத் தாழ்த்தாதீர்கள். “வாப்பாவுக்கு நான் தரவேண்டிய பாக்கி” என்று சொல்லிக் கொடுங்கள்.

நம் வீடுகளுக்கு வெளிச்சம் தந்தவரின் கப்ரை அல்லாஹ் ஒளியாக்குவானாக! அவருடைய பிழைகளை மன்னிப்பானாக! பிறர் கூலி நம் கழுத்தில் இருக்கும் நிலையில் நம்மை மௌத்தாக்காமல் பாதுகாப்பானாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.