1,140 பேரும் 120 வடையும்

போன வருடம் ஆண்டுவிழாவுக்கு 120 உளுந்தவடை சொல்லியிருந்தோம். வந்தவர்கள் 23 பேர். சென்னையிலிருந்து ரயிலேறி வந்த சிறப்பு விருந்தினரையும், மைக் செட் பையனையும் சேர்த்துத்தான் இந்த 23. கூட்டம் முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது பொருளாளர் பக்கத்தில் வந்து நின்றார். "அண்ணாச்சி, இந்த வடைக் கணக்கை எந்தத் தலைப்புல எழுதட்டும்?" என்றார். கேலியா, நிஜமான சந்தேகமா என்று அவர் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. நான் பதில் சொல்லாமல் இன்னும் நாலு நாற்காலியை அடுக்கினேன்.

பாளையங்கோட்டையில் மாதம் ஒரு கூட்டம் நடத்தும் சின்ன வாசகர் வட்டம் எங்களுடையது. செயலாளர் நான். ஆரம்பத்தில் ஐம்பது காசு போஸ்ட் கார்டில் அழைப்பு அனுப்பினோம். பிறகு ஜிமெயில் வந்தது. எல்லா முகவரியையும் பிசிசியில் போட்டு ஒரே தட்டு. ஆனால் சாதாரண ஜிமெயில் கணக்கிலிருந்து ஒரு நாளைக்கு 500 பேருக்கு மேல் அனுப்ப முடியாது. நான் மூன்று நாள் தவணையில் அனுப்பிக்கொண்டிருந்தேன்.

"வாட்ஸப் இருக்கும்போது இதெல்லாம் எதுக்கு?" என்று நீங்களும் கேட்பீர்கள், எங்கள் தலைவரும் கேட்டார். வாட்ஸப் பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேர்தான் சேர்க்கலாம். அதிலும் நம் எண்ணைத் தன் போனில் பதிந்து வைத்திருப்பவருக்கு மட்டும்தான் செய்தி போகும். குழு வைத்தாலோ, கூட்ட அழைப்பு காலை வணக்கப் பூக்களுக்கும் பழைய வைத்தியக் குறிப்புகளுக்கும் அடியில் போய்விடும். நாலு பக்கத்துக்கு நூல் அறிமுகம் எழுதி அனுப்ப அது இடமும் இல்லை. செய்திமடல் வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தது சரிதான் என்று இன்றைக்கும் சொல்வேன். மடலை யாருக்கு அனுப்பினேன் என்பதில்தான் கோட்டை விட்டேன்.

இரண்டு வாரம் உட்கார்ந்து எக்செல்லில் ஒரு ஒப்பீட்டு அட்டவணை போட்டேன். மடலை மொத்தமாக அனுப்பித் தரும் பதினொரு சேவைகள், ஒன்பது கட்டங்கள், மூன்று வண்ணங்கள். இந்தச் சேவைகள் இரண்டு விதமாகக் காசு கேட்கும். சில, பட்டியலில் எத்தனை முகவரி இருக்கிறது என்று பார்க்கும். சில, எத்தனை மடல் அனுப்புகிறீர்கள் என்று பார்க்கும். முதல் வகையில் ஒரு கண்ணி உண்டு. "எனக்கு வேண்டாம்" என்று விலகிப்போனவரையும் சில நிறுவனங்கள் கணக்கில் வைத்திருக்கும். நாமாகப் போய் நீக்கினால்தான் எண்ணிக்கை குறையும். இலவச வரம்பும் நிலையாக இருக்காது. மெயில்சிம்ப்பில் 2,000 முகவரி வரை இலவசம் என்று ஒரு காலம் இருந்தது. பிறகு அது 500 ஆனது. சின்னக் குழுக்களுக்கென்றே இருந்த டைனிலெட்டர் 2024 பிப்ரவரியோடு மூடப்பட்டது. இதெல்லாம் என் அட்டவணையில் அழகாக இருந்தது.

அட்டவணையின் முதல் கட்டத்தில் நான் எழுதியிருந்த எண் 1,140. 'நம் முகவரிகள்' என்று தலைப்பு. அந்த எண்ணை வைத்துத்தான் 500 பேருக்கு இலவசம் என்ற நல்ல சேவைகளை எல்லாம் சிவப்பு மை பூசி ஒதுக்கினேன். 2,000 பேருக்கு இலவசம் என்ற ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். அதன் பெயர் வேண்டாம். தப்பு அவர்கள் மேல் இல்லை.

அந்த 1,140 எங்கிருந்து வந்தது? 2006இலிருந்து கூட்டத்துக்கு வந்தவர்கள் கையெழுத்துப் போட்ட வருகைப் பதிவேடுகள் ஏழு என் வீட்டுப் பரணில் இருக்கின்றன. பெயர், ஊர், மின்னஞ்சல் என்று கோடு போட்டவை. ஒரு புத்தக வெளியீட்டுக்கு ஒரே ஒருமுறை வந்து டீ குடித்துவிட்டுப் போனவர், மழைக்கு ஒதுங்கியவர், ஆசிரியர் கட்டாயப்படுத்திக் கூட்டிவந்த கல்லூரிப் பிள்ளைகள், எல்லோரும் அதில் இருக்கிறார்கள். அவற்றை பிரவுசிங் சென்டரில் ஒரு பையனிடம் கொடுத்துத் தட்டச்சு செய்ய வைத்தோம். மை ஊறிய கையெழுத்தில் எல் எது, ஒன்று எது என்று அவனுக்கு எப்படித் தெரியும்? ஒன்பது பேருக்கு 'ஜிமெயில்' என்பது 'கமில்' என்று விழுந்திருந்தது. ரெடிஃப் முகவரிகள் மட்டும் இரண்டு பக்கம்.

நான் அதைச் சரிபார்க்கவில்லை. காரணம் சோம்பல் இல்லை, பெருமை. ஒவ்வொரு மேடையிலும் எங்கள் தலைவர், "ஆயிரத்து நூறு வாசகர்கள் கொண்ட நம் வட்டம்" என்று ஆரம்பிப்பார். அதைக் கேட்டு முதல் வரிசையில் உட்கார்ந்து தலையாட்டியவன் நான். அந்த எண்ணில் கை வைக்க எனக்கு மனசு வரவில்லை.

புதன்கிழமை இரவு அழைப்பை அனுப்பினேன். ஞாயிறு விழா. அந்த நிறுவனம் 600 முகவரிக்கு அனுப்பியதும் நிறுத்திவிட்டது. போன 600இல் 168 திரும்பி வந்துவிட்டன. நூற்றுக்கு 28.

எதற்காக நிறுத்துகிறார்கள் என்பது அப்போது எனக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும். இலவசச் சேவையில் நம் மடலும் இன்னும் ஆயிரக்கணக்கானவர்கள் மடலும் ஒரே சர்வர்கள் வழியாகத்தான் போகும். இல்லாத முகவரிகளுக்கு ஒருவர் அனுப்பித் தள்ளினால், ஜிமெயிலும் யாகூவும் அந்த சர்வரையே சந்தேகப்படும். ஒரே பஸ்ஸில் ஒருவன் டிக்கெட் எடுக்காவிட்டால் எல்லோரையும் இறக்கிச் சோதிப்பது மாதிரி. ஆகவே கண்டக்டர் அவனை முதலில் இறக்கிவிடுகிறார். அமேசானின் எஸ்இஎஸ் சேவை இதை வெளிப்படையாகவே எழுதி வைத்திருக்கிறது: திரும்பி வருவது நூற்றுக்கு 5 ஆனால் கண்காணிப்பு, 10 ஆனால் அனுப்புவதையே நிறுத்திவைக்கலாம். நாங்கள் 28.

இதைவிட மோசம் அடுத்தது. கணக்கு முடக்கப்பட்ட தகவல் எனக்கு வரவே இல்லை. கணக்கைத் தொடங்கிக் கொடுத்தது தலைவரின் அக்கா மகன், பெங்களூரில் ஐடி வேலை. அவருடைய மெயிலில், அவருடைய போன் எண்ணில் தொடங்கியிருந்தார். தகவல் அவருக்குப் போயிற்று. அவர் சனிக்கிழமை ராத்திரி பார்த்துவிட்டு, "சார், அக்கவுண்ட் சஸ்பெண்ட் ஆயிருக்கு போல" என்று வாட்ஸப்பில் ஒரு வரி போட்டார். நான் ஞாயிறு காலை பார்த்தேன். அதற்குள் வடைக்கு உளுந்து ஊறிவிட்டது.

பட்டியல் ஆங்கில அகரவரிசையில் போயிருக்கிறது. அதனால் 'எஸ்' வரிசையில் ஒருவருக்கும் அழைப்பு இல்லை. சுப்பிரமணியன், சண்முகம், சங்கரன், சுடலைமுத்து, சிவகாமி இல்லாமல் திருநெல்வேலியில் ஒரு கூட்டம் நடத்த முடியுமா?

திங்கட்கிழமை மெயிலைத் திறந்தபோது ஒரு பதில் வந்திருந்தது. "அப்பா இறந்து ஆறு வருடம் ஆகிறது. இந்த முகவரியை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். நன்றி." எங்கள் முதல் பதிவேட்டின் முதல் பக்கத்தில் கையெழுத்துப் போட்டவர் அவர். இரங்கல் கூட்டம் நடத்தியதே நான்தான். வடை போனது கூடப் பரவாயில்லை. இதை நினைத்தால் இன்றைக்கும் முகம் சுடுகிறது.

அடுத்த மூன்று மாதம் பட்டியலைச் சுத்தம் செய்தேன். கூட்டத்தில் ஒரு தாளை வைத்து, "செய்திமடல் வேண்டும்" என்பவர்களை மட்டும் கையெழுத்துப் போட்டு, முகவரியைப் பெரிய எழுத்தில் எழுதச் சொன்னேன். மற்றவர்களுக்கு போன் செய்தேன். பலருடைய பழைய முகவரிகள் செத்துப்போயிருந்தன. இரண்டு வருடம் திறக்கப்படாத கணக்குகளைக் கூகிள் 2023 டிசம்பரிலிருந்து நீக்க ஆரம்பித்துவிட்டது என்பதும் அப்போதுதான் உறைத்தது. கடைசியில் நின்றது 286 பேர்.

அந்த 286ஐ என் வண்ண அட்டவணையின் முதல் கட்டத்தில் போட்டுப் பார்த்தேன். சிவப்பு பூசி ஒதுக்கிய சேவைகள் பெரும்பாலும் எங்களுக்கு இலவசம்! இரண்டு வாரம் விலை விசாரித்தது இல்லாத ஒரு வாசகர் கூட்டத்துக்கு. விலையை நிர்ணயித்தது எங்கள் பெருமை. ஆகவே உங்களுக்கு நான் சொல்லும் முதல் யோசனையும் முக்கியமான யோசனையும் இதுதான்: சேவையைத் தேடுவதற்கு முன் பட்டியலை வெட்டுங்கள். உங்கள் தலைவர் வருத்தப்படுவார். படட்டும்.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

எங்களைப் போல மாதம் ஒரு மடல் அனுப்பும் குழுவுக்கு, மடல் எண்ணிக்கையைப் பார்க்கும் சேவை லாபம். பிரெவோவில் ஒரு நாளைக்கு 300 மடல் வரை இலவசம். எங்கள் 286 ஒரே நாளில் முடிந்துவிடுகிறது. மடலின் அடியில் அவர்கள் முத்திரை இருக்கும். தலைவர் அதற்கும் முகம் சுளித்தார். கல்யாணப் பத்திரிகையில் அச்சகத்தின் பெயர் இருப்பதில்லையா என்று கேட்டேன், விட்டுவிட்டார்.

சொந்தமாக ஒரு டொமைன் வாங்கிவிடுங்கள். சேவை வழியாகப் போகும் மடலில் அனுப்புநர் இடத்தில் ஜிமெயில் முகவரியைப் போட்டால், போலி என்று நினைத்து ஸ்பேமில் தள்ள வாய்ப்பு அதிகம். 2024 பிப்ரவரியிலிருந்து கூகிள் இதில் கெடுபிடி. எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் என்று மூன்று வரிகள். "இந்த மடல் இவர்களுடையதுதான்" என்று சாட்சி சொல்பவை. சேவைக்காரர்களே கொடுப்பார்கள், டொமைன் வாங்கிய இடத்தில் ஒட்டினால் போதும். அரை மணி நேர வேலை.

கணக்கை வட்டத்தின் பெயரில், வட்டத்தின் மெயிலில் தொடங்குங்கள். கடவுச்சொல் இரண்டு பேரிடம் இருக்கட்டும். மாதம் ஒருமுறை பட்டியலை இறக்கி வையுங்கள். யாருடைய அக்கா மகனையும் நம்ப வேண்டாம். அவரே இப்போது, "லிஸ்ட்மாங்க் போட்டுக்கலாம் சார், ஃப்ரீ" என்கிறார். செய்திமடல் அனுப்புவதற்கென்று கைலாஷ் நாத் உருவாக்கிய அருமையான மென்பொருள், இலவசம்தான். அதை எஸ்இஎஸ்ஸோடு இணைத்தால் ஆயிரம் மடலுக்குப் பத்து சென்ட்தான் ஆகும், அதுவும் உண்மை. ஆனால் அதற்கு ஒரு சர்வர் வேண்டும், சர்வருக்கு ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் சனிக்கிழமை ராத்திரிக்கு முன்னால் மெயில் பார்ப்பவராக இருக்க வேண்டும்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. ஒரு மடல் 102 கேபியைத் தாண்டினால் ஜிமெயில் வாலை நறுக்கிவிடும். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட். தமிழில் 'க' என்பதற்கே மூன்று பைட். 'கி' என்றால் ஆறு. போதாக்குறைக்கு, வேர்டிலிருந்து அப்படியே ஒட்டினால் கண்ணுக்குத் தெரியாத குப்பையும் சேர்ந்து வரும். எங்கள் இரண்டாவது மடல் இப்படித்தான் நறுக்கப்பட்டது. விலகுவதற்கான இணைப்பு கடைசியில் இருக்கும், அதுவும் போயிற்று. விலக வழி தெரியாதவர் ஸ்பேம் பொத்தானை அமுக்குவார். ஆயிரத்தில் மூன்று பேர் அமுக்கினாலே கூகிளுக்குப் பிடிக்காது. ஆகவே நோட்பேடில் ஒருமுறை ஒட்டி, அங்கிருந்து எடுத்துப் போடுங்கள். விலகும் இணைப்பை மேலேயும் ஒன்று வையுங்கள். போகிறவர் மரியாதையாகப் போகட்டும்.

இந்த வருட ஆண்டறிக்கையில் "286 வாசகர்கள்" என்று எழுதிக் கொடுத்தேன். தலைவர் மேடையில் அந்த வரியை மட்டும் தாண்டிப் படித்தார். விழாவுக்கு 71 பேர் வந்தார்கள், வடை பற்றவில்லை.

வரவு செலவுக் கணக்கை அச்சுக்குக் கொடுக்கும் முன் நான் வாங்கிப் பார்த்தேன். போன வருடப் பக்கத்தில், "செய்திமடல் சேவை: இலவசம்" என்ற வரிக்குக் கீழேயே பொருளாளர் எழுதியிருந்தார்: "மேற்படி வகைக்கு, வடை 120."