சவுக்கும் பைன் மரமும்: வேறுபாடு அறிதல்

கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர் முதலிய ஊர்களின் கடற்கரை மணலில் வளரும் சவுக்கைப் பைன் மரமெனக் கருதுவதுண்டு. தோற்றத்தில் ஒத்திருப்பினும் இவை வெவ்வேறு குடும்பத்தைச் சேர்ந்தவை. காற்றுத்தடுப்புக்குக் கன்று தேடும் கமக்காரர் இவ்வேறுபாட்டை அறிந்திருத்தல் வேண்டும்.

அறியும் முறை

1. சவுக்கின் ஊசியொன்றை இரு முனையிலும் பிடித்து இழுத்தால் கணுவிலே கழன்றுவிடும். அது இலையன்று, மெல்லிய சிறு கிளையாகும். உண்மையான இலைகள் கணுவைச் சுற்றி நுண்ணிய பற்கள்போல் அமைந்திருக்கும்.

2. பைனின் ஊசி கணுவற்ற இலையாகும். கரிபியன் பைனில் பெரும்பாலும் மூன்று ஊசிகள் அடியில் ஓர் உறையினால் பிணைக்கப்பட்டிருக்கும்.

3. சவுக்கங்காய் நெல்லிக்காயிலும் சிறியது. பைனின் கூம்பு அதனிலும் பன்மடங்கு பெரியது. பைன் பட்டையைக் கீறினால் மணமுள்ள பிசின் வடியும்.

இருப்பிடம்

பைன் குடும்பத்து மரமெதுவும் இலங்கைக்குரியதன்று. அக்குடும்பத்துத் தேவதாரு இமயமலையில் இயற்கையாக வளர்வது. மத்திய அமெரிக்காவுக்குரிய கரிபியன் பைன், 20ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் நம் மலைநாட்டின் வளங்குன்றிய சரிவுகளில் பெருமளவில் நடப்பட்டது. சவுக்கோ உப்புக்காற்றையும் கடல்மணலையும் தாங்கும். அதன் வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைதரசனைப் பயிருணவாக மாற்றுவதால், வளமற்ற மணலிலும் அது செழிக்கும்.

கமக்காரர் செய்யவேண்டியவை

கடற்காற்றின் உப்பு படிந்தால் மரக்கறிப் பயிரின் இலை கருகும். ஆகவே, தோட்டத்தின் கடற்புற எல்லையில் சவுக்கை இரண்டு மூன்று வரிசையாக நடுக. ஒரு வரிசையின் இடைவெளிக்கு நேராக அடுத்த வரிசையின் கன்று நிற்றல் நன்று. மாரி தொடங்கும் ஐப்பசியே ஏற்ற காலம். பாத்திக்கு மிக அண்மையில் நடுதல் தகாது. அதன் நிழலும் வேரும் பயிரை நலிவிக்கும், உதிரும் ஊசிகள் தடித்துப் படிந்து நாற்றை மூடிவிடும்.